நூற்றுப் பதினெட்டாம் இதழ்

படம் தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில்
ஸ்வெதோசார் தூங்கிவிடுவான்.
பெயர்ப் பட்டியல் ஓடும்போது விழித்து
"நல்ல படம்" என்பான்.
எந்த இடம் நன்றாயிருந்தது என்று கேட்டால்
மழை என்பான்.
எந்தப் படத்தில்தான் மழை இல்லை.

நான் அழுவது யாரும் சாகாத படங்களுக்கு.
ஒருத்தி பேருந்தைத் தவறவிட்டு
வீடு திரும்பி நடந்தால் போதும்.
"அடுத்த பஸ் இருபது நிமிஷத்துல வரும், மிலேவா"
என்று தேற்றுவான்,
முப்பது வருடம் பணிமனையில் எஞ்சின் கழற்றியவன்.

வியாழன் இரவு துருக்கித் தொடர்.
அவனுக்குப் பிடிக்காது.
பிடிக்காததால் சமையலறை வாசலில் நின்றபடியே பார்க்கிறான்,
ஒன்றரை மணி நேரம்,
கை நிறையச் சூரியகாந்தி விதையோடு.
"பச்சைக் கோட்டுக்காரி அவனுக்கு அக்காவா, மாமியாரா?"
உட்காரேன் என்றால்
உட்கார்ந்தால் பார்ப்பதாக ஆகிவிடுமாம்.

இதெல்லாம் சில்லறை.
எங்கள் பெரிய வழக்கு வேறு.

தொண்ணூற்றொன்று, கோடை.
நோவி சாத் ரயிலடிப் பெட்டிக்கடையில்
ஆளுக்குப் பாதிக் காசு போட்டு வாங்கிய
நூற்றுப் பதினேழாம் இதழ்.
கடைசிக் கட்டத்தில்
சாம்பல் தொப்பிக்காரன் பள்ளத்தாக்கின் மேல் தொங்குகிறான்.
கயிற்றில் மூன்று இழை மிச்சம்.
மேலே ஒரு கழுதை.
தொடரும்.

தொடரவில்லை.
அச்சகம் இருந்த ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில்
ஓர் எல்லை முளைத்துவிட்டது.
செவ்வாய்க்குச் செவ்வாய் கடைக்காரர் கையை விரித்தார்.
பிறகு கடையே இல்லை.

கயிறு அறுந்தது என்கிறான்.
நனைந்த சணல், எண்பது கிலோ ஆள்,
இது கணக்கு.
கழுதை இழுத்தது என்கிறேன்.
வேலையற்று எவனும் ஒரு கழுதையை வரையமாட்டான்.

இந்த வழக்கோடுதான் கல்யாணம் செய்துகொண்டோம்.
காலையில் வாங்கிய சம்பளம் மாலைக்குள்
வெறுங்காகிதமான வருடத்திலும் வழக்கு நடந்தது.
தன்யூபில் பாலங்கள் விழுந்த வசந்தத்தில்
நிலவறையில், ஒற்றை மெழுகுவத்தியில்,
மூன்றாம் மாடிப் பிள்ளைகளுக்கு
அந்தக் கதையைச் சொன்னான்.
கயிறுவரை வந்து நின்றான்.
என்னைப் பார்த்தான்.
"கழுதை இழுத்துது" என்றான்.

காலையில், ரொட்டி வரிசையில், என் காதோரம்:
"அது பிள்ளைங்களுக்காக.
அறுந்ததுதான்."

போன அக்டோபர், ஞாயிற்றுச் சந்தை.
பழைய பிளக்குகள், பதக்கங்கள், கதவுப்பிடிகள் நடுவே
நூற்றுப் பதினெட்டு கிடந்தது.
நின்றுகொண்டே படித்தேன்.
முதல் கட்டத்திலேயே சாம்பல் தொப்பிக்காரன்
ஒரு விடுதியில் சூப் குடிக்கிறான்.
எப்படி வந்தான்?
கயிறு என்ன ஆயிற்று?
கழுதை எங்கே?
கடைசிப் பக்கம்வரை புரட்டினேன்.
சூப்பில் உப்புப் போதவில்லை என்கிறான், அவ்வளவுதான்.

வாங்கிவந்து அலமாரியில்
சிவப்பு மிளகாய்த் தொக்கு ஜாடிகளுக்குப் பின்னால் வைத்தேன்.
சொல்லத்தான் நினைத்தேன்.
அன்று அவனுக்கு முதுகுவலி.
மறுநாள் மகள் கிராஸிலிருந்து பேசினாள்.
அதற்கடுத்த நாள் காரணம் எதுவும் இல்லை,
சொல்லவில்லை.

ஜனவரியில் ஜாடி எடுக்கப் போனபோது
இதழ் கொஞ்சம் இடம் மாறியிருந்தது.
சூப் பக்கத்தில் ஒரு சூரியகாந்தித் தோல்.
நான் விதை கொறிப்பதில்லை, என் பல் அப்படி.
ஊதிவிட்டு
ஜாடியை மட்டும் எடுத்துவந்தேன்.

அந்த வியாழன்
பச்சைக் கோட்டுக்காரி படியில் கால் இடறி
அந்தரத்தில் நிற்கையில் விளம்பரம்.
வாசலிலிருந்து குரல்:
"நனைஞ்ச சணல். மூணே இழை. நீயே யோசி."
"அப்புறம் கழுதை எதுக்கு நிக்குது அங்க?"
"அழகுக்கு."
"கழுதையா? அழகுக்கா?"

சத்தத்தைக் கூட்டச் சொன்னான்.
ஒரு நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திவைத்தேன்.
உட்காரவில்லை.
அதன் முதுகில் கையை மட்டும் ஊன்றிக்கொண்டான்.